அறுபத்தொண்ணாவது கொரல்

பயப்படாதீங்க அண்ணாச்சி. இப்பம் விசிலடிச்சது நாந்தான். வாயாலதான். கண்டக்டர் அங்க பின்னால ஒரு அம்மாகிட்ட, கூடையில இருக்க கோழிக்கு டிக்கெட் உண்டா இல்லையான்னு பேசிக்கிட்டு நிக்காரு. வண்டி அஞ்சு நிமிசமா நின்ன எடத்துலயே நிக்கி. எனக்கு அங்க ஒம்பதே காலுக்கு மணியடிச்சிரும். அதான், ஒண்ணு குடுத்தேன். டிரைவர் எடுத்துட்டாரு பாத்தியளா? அய்யோ, திரும்பிப் பாக்காதீங்க. நாம ரெண்டு பேரும் திரும்புனா நாமதான்னு தெரிஞ்சிரும். சன்னலப் பாத்துக்கிட்டு இருங்க.

ஆமா, வாத்தியார்தான். எப்படிக் கண்டுபிடிச்சிய? ஓ, சட்டைப் பையில செவப்புப் பேனாவா. பேரு தளவாய். தளவாய் சார்னா எங்க பக்கம் அஞ்சாறு ஊருக்குத் தெரியும். படிப்புக்காக இல்ல, பலகொரலுக்காக. ஆடி மாசம் பொறந்துட்டா எந்தக் கோயில் கொடைத் திருவிழாவா இருந்தாலும் மேடை போட்டு என்னத்தான் கூப்புடுவாவ. குக்கர், மிக்சி, ட்ரான்ஸ்பார்மர் வெடிக்கது, பால்காரர் பைக்கு ஸ்டார்ட் ஆகாம இருமுறது. எல்லாம் பண்ணுவேன்.

நீங்க எங்க எறங்கணும்? கடேசி ஸ்டாப்பா, நல்லதாப் போச்சு. நான் சுனைப்பாறை. முக்கா மணி நேரம் இருக்கு. இது ரெண்டாவது பஸ்ஸு எனக்கு. மொத பஸ்ஸுல ஒரு மணி நேரம் வந்தாச்சு. காலையில அஞ்சு மணிக்கு எந்திக்கேன் அண்ணாச்சி. போன மாசம் வரைக்கும் எட்டரைக்கு எந்திச்சவன்.

என்ன ஆச்சுன்னு கேக்கியளா? கேக்கலையா. சரி, கேட்டதா வச்சுக்கிடுங்க.

ஒரு பிள்ளை. ஒரே ஒரு பிள்ளை கொறஞ்சு போச்சு.

அதாவது சட்டம் என்ன சொல்லுது? தொடக்கப் பள்ளிக்கூடத்துல முப்பது பிள்ளைக்கு ஒரு வாத்தியார். அறுபது வரைக்கும் ரெண்டு பேரு. அறுபத்தொண்ணு ஆயிட்டுன்னா மூணாவது ஆளு. எங்க ஊரு கல்லுப்பொத்தையில நாங்க மூணு பேரு. எச்செம்ங்கிற தலைமையாசிரியரு ஆதிமூலம் சார், பகவதி டீச்சர், அடுத்தாப்புல நான். கடேசியா வேலைக்கு வந்தவன் நாந்தான். அப்பம் அந்த அறுபத்தொண்ணாவது பிள்ளை எதுவோ, அதுதான் எனக்குப் படியளக்குது. புரியுதுல்லா?

வருசா வருசம் ஆகஸ்ட் ஒண்ணாந் தேதி தலை எண்ணுவாவ. அன்னைக்கு எத்தனை தலையோ அதுக்குத் தக்கன வாத்தியாரு. மிஞ்சினவன் உபரி. உபரின்னா வீட்டுக்குப் போகச் சொல்ல மாட்டாவ. எந்தப் பள்ளிக்கூடத்துல ஆள் இல்லையோ அங்க தூக்கிப் போட்டுருவாவ. பணிநிரவல்னு அதுக்குப் பேரு. மேட்டுல இருக்க மண்ண வெட்டிப் பள்ளத்துல போட்டு நெரவுத மாதிரி. நான் மேட்டு மண்ணு.

கொள்கையில எனக்கு ஒரு மறுப்பும் கெடையாது. நல்ல கொள்கைதான். அடுத்தவனுக்கு.

எங்க வீட்டுக்கும் ஸ்கூலுக்கும் நாலு நிமிசம். எங்க வீட்டுல தாளிச்சா எங்கிளாஸுல வாசனை வரும். பதினோரு மணிக்கு ஒரு எட்டு போயி காப்பி குடிச்சிட்டு வந்துருவேன். பிள்ளைகளுக்கும் ஒரு ஓய்வு வேணும்லா? மூணாங் கிளாஸும் நாலாங் கிளாஸும் எங்கிட்ட. ரெண்டும் சேத்து இருவத்திரெண்டு பிள்ளை. இருவத்திரெண்டு பிள்ளைய ஒரு ஆளு மேய்க்கது லேசுப்பட்ட வேலையா? அதுனால நான் எளுப்பமா ஒரு முறை வச்சிருந்தேன். காலையில ஒரு பக்கத்தக் காட்டி எழுதச் சொல்லிருவேன். எழுதி முடிச்சா ஒரு கொரலு. சிங்கம் கேட்டா சிங்கம், குக்கர் கேட்டா குக்கர். பிள்ளைக அப்படிப் பிரியமா இருக்கும். எங்கிளாஸுல வாசிக்கத் தெரியாத பிள்ளை ஒண்ணு ரெண்டு இருக்கலாம். குக்கர் சத்தம் போடத் தெரியாத பிள்ளை ஒண்ணு கெடையாது.

ஜூன் மாசம் பள்ளிக்கூடம் தொறந்தாச்சு. எண்ணிப் பாக்கோம், அறுபது. திருப்பி எண்ணுதோம், அறுபது. ஆதிமூலம் சார் பொடி போடுவாரு. பேச்சு பூரா மூக்கு வழியாத்தான் வரும். இந்தா இப்பிடி: "தளவாயீ... ஒரு தல கொறையுதுடே... பொட்டியக் கட்டிக்கோ."

கட்டுவேனா? ஊருல எறங்கிட்டேன். வீடு வீடா. எல்லா வீட்டுலயும் ஒரே பதிலு: "வேன் வருது சார்." டவுன்ல இருக்க இங்கிலீஷ் மீடியத்துல இருந்து வேனு. எங்க ஊருல பிள்ளைகள விட வேன் அதிகம். ஒரு வீட்டுல மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கிட்டு இருந்த ஆளு நிமுந்து பாத்துட்டுக் கேட்டான், "சார், ஒங்க மவ எங்க படிக்கா?" அப்பிடின்னு. கேக்கப்பிடாத கேள்வி. ஆதிமூலம் சாரும் அதையேதான் கேட்டாரு. "ஒம்மவ மூணாங் கிளாஸுதானடே. அவளக் கொண்டாந்து சேத்தா அறுபத்தொண்ணு. சோலி முடிஞ்சு."

"அது எப்படி சார்? அவ படிக்கணும்லா?"ன்னேன்.

என்ன அண்ணாச்சி சிரிக்கிய? அது வேற விசயம். அது வீட்டம்மா முடிவு.

கடேசியா ஊருக்கு வெளிய செங்கச் சூளையில ஒரு பிள்ளை ஆப்புட்டுது. முப்பிடாதின்னு பேரு. எட்டு வயசு. ஒல்லி. தாயும் தவப்பனும் மண்ணு மிதிக்காவ, இவ ஒரு மொறத்துல சாம்பலு அள்ளிக்கிட்டு நிக்கா. நான் போயி தவப்பன்காரன்கிட்ட கல்வியோட அருமையப் பத்தி ஒரு பத்து நிமிசம் பேசினேன். அவன் சொல்லுதான், "சார், நாங்க ஒரு எடத்துல நெலையா இருக்க மாட்டோம். வேலை இருக்க வரைக்குந்தான்." நான் சொன்னேன், "ஆகஸ்ட் ஒண்ணு வரைக்கும் இருந்தாப் போதும்யா."

தெனமும் பைக்குல நானே போயிக் கூட்டிக்கிட்டு வருவேன். யாரு செய்வா சொல்லுங்க? மூணாங் கிளாஸுல உக்கார வச்சேன். நல்ல பிள்ளை. தொந்தரவே கெடையாது. வாயே தொறக்க மாட்டா. நான் குக்கர் போட்டா மத்ததுகள்லாம் உருண்டு உருண்டு சிரிக்கும். அவ சிரிக்க மாட்டா. என் வாயையே பாத்துக்கிட்டு இருப்பா. பாடத்துல அம்புட்டுக் கவனம்னு நான் நெனைச்சேன்.

வந்துது ஆகஸ்ட் ஒண்ணு. செவ்வாக்கெழமை. பக்கத்து ஊருல அம்மன் கோயில் கொடை. அந்த ஊருல இருந்து வார பிள்ளைக பதினாலும் வரல. அது பரவால்ல, பேரு ரிஜிஸ்தர்ல இருக்கு. நான் பைக்க எடுத்துக்கிட்டு சூளைக்குப் போறேன். சூளையில ஆளே இல்ல. செங்கல அடுக்கித் தார்ப்பாய் போட்டு மூடியிருக்கு. வாட்ச்மேன் சொல்லுதாரு, "நேத்தே லாரியில ஏத்தியாச்சு சார். மலையடியில எங்கயோ வேற சூளை."

ஒரு நாளு அண்ணாச்சி! ஒரே ஒரு நாளு பொறுத்துருக்கப்பிடாதா?

சரி, பேரு ரிஜிஸ்தர்ல இருக்குல்லா, சமாளிச்சிரலாம்னு வந்தா, போன். பி.இ.ஓ அம்மா. எங்க ஒன்றியத்துல அத்தனை தொடக்கப் பள்ளிக்கூடத்துக்கும் அதிகாரி. உமையாள்னு பேரு. ஒவ்வொரு பேச்சையும் "சரியா?"ன்னுதான் முடிப்பாவ. "போன வருஷம் ஒரு ஸ்கூல்ல இல்லாத பிள்ளையை எல்லாம் எழுதி வச்சுட்டாங்க, சரியா? அதனால இந்த வருஷம் பேரை நானே வாசிப்பேன். ஒவ்வொரு பிள்ளையும் உள்ளேன் சொல்லணும், சரியா? இன்னைக்குப் பதினோரு ஸ்கூல். எல்லாத்துக்கும் நேர்ல வர முடியாது. வீடியோவுல வாங்க."

எங்க ஊரு டவருக்கு வீடியோ வராது. கொரலே காம்பவுண்டு ஓரத்துல வேப்பமரத்துக்கு அடியில நின்னாத்தான் வரும். சொன்னோம். "அப்ப ஸ்பீக்கர்ல போடுங்க, சரியா?"ன்னுட்டாவ.

ஆதிமூலம் சாரு என்னப் பாக்காரு. நான் அவரப் பாக்கேன். கொரல் மட்டும். அண்ணாச்சி, ஒலகத்துல எனக்குன்னே ஒரு சட்டம் போட்ட மாதிரி இருந்துச்சு. "வேண்டாம்டே தளவாயீ, ரெண்டு பேரும் உள்ள போயிருவோம்"ங்காரு. நான் அதுக்குள்ள நாப்பத்தாறு பிள்ளையவும் வேப்பமரத்தடியில உக்கார வச்சு, வாயில வெரல் வைக்கச் சொல்லியாச்சு. செல்போன ஒரு ஸ்டூல்ல வச்சிட்டு, காம்பவுண்டு கேட்டுக்கு முதுகக் காட்டி நின்னேன்.

பேரு வாசிக்காவ. இருக்க பிள்ளை சொல்லுது. இல்லாத பிள்ளைக்கு நான். சளி புடிச்ச பிள்ளைக்குச் சளியோட. முன்பல்லு விழுந்த பிள்ளைக்குக் காத்தோட. ரெட்டைப் பிள்ளைக ரெண்டு உண்டு. ரெண்டு பேருக்கும் கொரல் ஒண்ணுதான், ஆனா சின்னவன் எப்பவும் பெரியவன முந்திக்கிட்டுச் சொல்லிருவான். நான் அதையும் விடல. பெரியவன் பேர வாசிச்ச ஒடனே சின்னவன் கொரல்ல "உள்ளேன் அம்மா"ன்னுட்டு, அப்பறம் பெரியவன் கொரல்ல "எலே, அது நான்லா"ன்னேன். அந்தம்மா போன்ல சிரிக்காவ. பிள்ளைக வாயில வெரல வச்சிக்கிட்டுக் குலுங்குது. கொடை மேடையில கூட அப்படி ஒரு நேரம் எனக்கு அமைஞ்சதில்ல.

அறுபதும் முடிஞ்சுது. "முப்பிடாதி"ங்காவ.

மத்த பதினாலு கொரலும் என் காதுல இருந்துது, வாயில எடுத்துட்டேன். இவளுக்குக் காதுல தேடுதேன், ஒண்ணுமில்ல. அதுக்குள்ள திருப்பி "முப்பிடாதி?"ங்காவ. நானா ஒண்ணப் போட்டேன். மெல்லிசா, கொஞ்சம் வெக்கத்தோட, தேன் மாதிரி: "உள்ளேன் அம்மா."

அதோட விட்டுருக்கலாம்ல? "புதுசாச் சேர்ந்த பிள்ளையா? மூணாங் கிளாஸா? தமிழ் புத்தகத்துல பன்னெண்டாம் பக்கம் வாசிக்கச் சொல்லுங்க, சரியா?"

பகவதி டீச்சர் புத்தகத்த நீட்டுறாவ. கொளமும் நாரையும் வார பாடம். ஆரம்பிச்சேன். நிறுத்த வேண்டிய எடத்துல நிறுத்தி, கேள்விக்கு ஏத்தி, நாரை பேசுற எடத்துல கழுத்த நீட்டி. போன்ல, "அற்புதம்! அடுத்த பத்தி"ங்காவ. அடுத்த பத்தி போறேன். பிள்ளைக எல்லாம் தடதடன்னு எந்திச்சு நின்னு "வணக்கம் அம்மா"ங்குது. போனுக்கு வணக்கம் சொல்லுதுகளாக்கும், நம்ம பிள்ளைகளுக்கு என்னா மரியாதைன்னு நெனைச்சு, உக்காருங்கன்னு கையக் காட்டிட்டு நான் பாட்டுக்கு வாசிக்கேன். ஆதிமூலம் சார் கையில பொடி எடுத்த வெரலு அப்படியே அந்தரத்துல நிக்கி. ஒண்ணாங் கிளாஸு பொடிசு ஒண்ணு, "சார், பின்னாடி... பின்னாடி"ங்குது. நான் அதையும் ஒரு மொறை மொறைச்சிட்டு நாரையக் கொளத்துக்குள்ள எறக்கிட்டேன்.

"போதும்."

மொதல்ல என் முதுகுக்குப் பின்னால கேட்டுது. அதுக்கப்பறம் போன்ல கேட்டுது.

அந்தம்மா ரோட்டுல கார நிப்பாட்டிட்டு, பேரு வாசிச்சுக்கிட்டே நடந்து வந்துருக்காவ. எந்த எடத்துல கேட்டுக்கு உள்ள வந்தாவன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. ரெட்டைப் பிள்ளைகளுக்கு முந்தியா பிந்தியான்னு கேட்டுருக்கணும். கேக்கல.

திட்டுவாவன்னு பாத்தா, திட்டல. எங்கையில இருந்த புத்தகத்த வாங்கி, எங்கிளாஸ் பிள்ளைகளப் பாத்து, "இதே பக்கத்தை வேற யார் வாசிப்பா?"ன்னாவ. ஒண்ணும் எந்திக்கல. கடேசியா ஒரு பொம்பளப் பிள்ளை எந்திச்சிட்டா. எனக்கு உசிரு வந்துச்சு. அவ சொல்லுதா, "அம்மா, எனக்கு வாசிக்க வராது. குக்கர் வரும்." சொல்லிட்டு மூணு விசில் அடிச்சிட்டு உக்காந்துட்டா. சுத்தமா அடிச்சா, அதுல ஒரு கொறை சொல்ல முடியாது.

பி.இ.ஓ அம்மா என் பக்கம் திரும்புனாவ. "சார், உங்க மூணாங் கிளாஸ்ல நல்லா வாசிக்கிற பிள்ளை நீங்க ஒருத்தர்தான். அறுபத்தொண்ணாவதா உங்களையே சேர்த்துடலாமா? சரியா?"

நான் விடுவேனா? "அம்மா, தேசியக் கல்விக் கொள்கையிலயே போட்டுருக்கு. ஒரு வாத்தியாருக்குப் பிள்ளை முப்பதுக்குக் கீழ இருக்கணும், பின்தங்கின பகுதின்னா இருவத்தஞ்சுக்குக் கீழ இருக்கணும். எங்க ஊரு ரொம்பப் பின்தங்கின ஊரும்மா. மூணு பேரு கண்டிப்பா வேணும்"னேன். அவிய சொன்னாவ, "சார், சுனைப்பாறையில அம்பத்தொரு பிள்ளை. ரெண்டு வருஷமா ஒரே ஒரு டீச்சர். உங்க ஸ்கூலையும் அந்த ஸ்கூலையும் சேர்த்துக் கூட்டி, சேர்த்து வகுத்தா கொள்கைப்படி எல்லாம் சரியாத்தான் வருது. நேர்ல போய்ப் பார்த்தாத்தான் வரல." நான் கணக்குல கொஞ்சம் மட்டு. மூணாங் கிளாஸு வரைக்குந்தான் ஓடும்.

போகும்போது ஒண்ணு கேட்டாவ. "முப்பிடாதின்னு ஒரு பிள்ளை நெஜமாவே உண்டா?"

"உண்டும்மா, சத்தியமா உண்டு."

"அது குரல் இப்படித்தான் இருக்குமா?"

"அச்சு அசல் இதேதாம்மா"ன்னேன். தொழில்ல அதுக்கு மேல விட்டுக்குடுக்க முடியாதுல்லா.

செவப்பு மையில முப்பிடாதி பேரு மேல ஒரு கோடு. அறுபது. சஸ்பெண்டுன்னு நெனைச்சேன், அது வரல. ஒரு விளக்கம் எழுதி வாங்கினாவ, உபரின்னு ஆர்டர் குடுத்தாவ. போன மாசம் இருவத்தாறாந் தேதி சுனைப்பாறையில சேந்தேன்.

இந்தப் பள்ளிக்கூடம் எப்படின்னா, ரெண்டு ரூமு, நடுவுல ஒரு நெலை. ஞானசௌந்தரி டீச்சர்தான் எச்செம், அவியதான் டீச்சர், எல்லாம் அவியதான். நாற்காலிய அந்த நெலைவாசல்ல குறுக்கப் போட்டு உக்காந்துருப்பாவ. இந்தக் கண்ணு இந்த ரூமு, அந்தக் கண்ணு அந்த ரூமு. ரெண்டு வருசமா அப்படி உக்காந்து அவியளுக்குக் கழுத்தே ஒரு பக்கமாச் சாஞ்சு போச்சு. நம்மளப் பாத்துப் பேசினாலும் பக்கத்து ஆளப் பாக்க மாதிரி இருக்கும். நான் எடுத்துக் காட்டுவேன், வேண்டாம், பாவம்.

மொத நாளு. இந்த பஸ்ஸு வழக்கம்போல லேட்டு. பத்து மணிக்குப் போயிச் சேருதேன். கேட்டுகிட்ட போகும்போதே உள்ள ஒரு ஆம்பளக் கொரலு. ரெண்டாவது வாத்தியார் வந்தாச்சு போலுக்கே, ஆர்டர் மாறிட்டு போலுக்கேன்னு சந்தோசப்பட்டு நின்னு கேக்கேன். அந்தக் கொரலு சொல்லுது, "ஏல, எல்லாரும் பதினஞ்சாம் பக்கத்தப் பாத்து எழுதுங்க. க்ஹும். சத்தம் வரப்பிடாது. சார் போன் பேசணும்."

எங்கயோ கேட்ட கொரலா இருக்கேன்னு பாத்தா, எங்கொரலு!

அண்ணாச்சி, நான் ஊர்ல உள்ளவன் கொரலு அம்புட்டையும் எடுத்துருக்கேன். எங்கொரல வெளிய நின்னு கேட்டது அன்னைக்குத்தான். நல்லா இல்ல. தொண்டையில எப்பவும் ஒரு சலிப்பு இருக்கு. வார்த்தைக்கு வார்த்தை அந்தக் "க்ஹும்" வேற. நான் பதினஞ்சாம் பக்கம்னா சொல்லுவேன்? எப்பவும் அதே பக்கமா? எனக்கே தெரியாது.

எட்டிப் பாக்கேன். முப்பிடாதி. கரும்பலகைக்கு முன்னால நிக்கா. ஒடைஞ்ச சிலேட்டக் காதுல வச்சிக்கிட்டு அங்கயும் இங்கயும் நடக்கா. மூணாங் கிளாஸும் நாலாங் கிளாஸும் குனிஞ்ச தலை நிமிராம எழுதுது.

ஞானசௌந்தரி டீச்சர் சொல்லுதாவ, "அந்தப் பிள்ள சூளைக்கு வந்து மூணு வாரம் ஆச்சு சார். தானா நடந்து வந்து, சேத்துக்கிடுங்கன்னு நின்னுச்சு. சொந்தமா ஒரு வார்த்தை பேசாது. பேசினா இந்தக் கொரலுதான். யாரோ ஒரு சோம்பேறி ஆளு கொரலு, எங்க புடிச்சிதோ. ஆனா அந்தக் கொரலுக்கு ரூமு அடங்கிருது. நான் இந்தப் பக்கம் ஒண்ணாங் கிளாஸப் பாக்கும்போது அந்தப் பக்கம் அவள விட்டுருவேன்."

அப்பம் பாருங்க, நான் சேருததுக்கு மூணு வாரம் முந்தியே நான் சுனைப்பாறையில வேலைக்குச் சேந்தாச்சு.

யாரு கொரலுன்னு நான் டீச்சர்கிட்ட சொல்லல. மூணு நாளுல அவியளுக்கே தெரிஞ்சு போச்சு. என்னப் பாக்க மாதிரி பக்கத்துச் செவத்தப் பாத்தாவ.

அன்னைக்கே அவளக் கூப்புட்டு, பன்னெண்டாம் பக்கத்த எடுத்துக் குடுத்து, வாசின்னேன். நாரை, கொளம். புத்தகத்தக் கையில வாங்கிட்டா. கண்ணு புத்தகத்துல இல்ல. என் வாயப் பாக்கு. நான் சொல்லுவேன், அத அப்பிடியே திருப்பிச் சொல்லணும்னு நிக்கா. எழுத்துன்னு ஒண்ணு இருக்குன்னே அவளுக்குத் தெரியல அண்ணாச்சி. ஒண்ணரை மாசம் எங்கிளாஸுல இருந்துருக்கா. தெனமும் பைக்குல கூட்டிக்கிட்டு வந்துருக்கேன்.

அதோட குக்கர நிப்பாட்டிட்டேன். இப்பம் அவளுக்கும் இன்னும் ஒம்பது பிள்ளைகளுக்கும் அ, ஆவுல இருந்து. மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்பறம். இருவத்தாறு பிள்ளை எனக்கு. எழுத்துக் கூட்ட ஆரம்பிச்சிட்டா. வெரல வச்சு, ஒதட்ட மட்டும் அசைப்பா, சத்தம் வராது. சரியா அசைக்காளான்னு இப்பம் நான் அவ வாயப் பாத்துக்கிட்டு உக்காந்துருக்கேன்.

என்னது, எம்மவளா? அவ இப்பமும் வேன்லதான் போறா. அது வேற விசயம்னு சொன்னேம்லா.

தெனமும் பேரு வாசிக்கேன். மத்ததுக எல்லாம் அது அது கொரல்ல "உள்ளேன் ஐயா"ங்குது. இவ மட்டும் எங்கொரல்ல. "க்ஹும். உள்ளேன் ஐயா." ரூமே சிரிக்கும். நானும் சிரிச்சிருவேன்.

முந்தாநாளு இந்த வண்டி வழியில பஞ்சர். ஒம்பதே முக்காலுக்குத்தான் போனேன். பதறிக்கிட்டு ஓடுனா, ரிஜிஸ்தர்ல எனக்கு வருகை போட்டாச்சு. என்னன்னா, டீச்சர் அந்த ரூமுல இருந்து, "தளவாய் சார் வந்தாச்சா?"ன்னு சத்தங் குடுத்துருக்காவ. இந்த ரூமுல இருந்து, "வந்தாச்சு டீச்சர்! க்ஹும்!"

நான் அங்க அவளுக்குச் சொன்னேன், அவ இங்க எனக்குச் சொல்லிட்டா. அவளுது என்னுதவிட சுத்தம். யாரும் கண்டுபிடிக்கல.

அன்னைக்குச் சாயங்காலம் எல்லாம் போனப்பறம் அவள நிறுத்தி, "எம்மா, ஒங்கொரல்ல ஒரு தடவ சொல்லு, கேப்போம்"னேன். வாயத் தொறந்தா. காத்துதான் வந்துது. திருப்பித் தொறந்தா. கண்ணு கலங்கிட்டு. சரி, லீவு முடிஞ்சு வந்து சொல்லுன்னேன். நேத்து லீவு. இன்னைக்கு ஒம்பதே காலுக்குப் பேரு வாசிக்கும்போது சொல்லுதேன்னு தலைய ஆட்டியிருக்கா. வாயாலச் சொல்லல, தலையத்தான் ஆட்டுனா. இன்னைக்கு நான் லேட்டாப் போயி, அவ எனக்கு "வந்தாச்சு"ன்னு எங்கொரல்லயே ஆரம்பிச்சிட்டான்னு வைங்க, இன்னைக்கு முழுக்க அதுலதான் ஓடும். அதாம் அண்ணாச்சி, விசிலு. வேற ஒரு குறும்பும் இல்ல.

அந்தா தெரியுது பாருங்க, வெள்ளைச் செவரு. ஸ்கூலு. ஆனா ஸ்டாப்பு இங்க இல்ல, அர கிலோமீட்டர் தாண்டிப் பாலத்துகிட்ட. அங்க எறங்கி ஓடியாந்தா மணியடிச்சிரும். கொஞ்சம் காலத் தூக்கிக்கிடுங்க. கண்டக்டர் கொரல்ல ஒண்ணு போட்டாத்தான் டிரைவர் நிப்பாட்டுவாரு. இந்தா கேளுங்க. ஹோல்டா...

ஐயையோ. என்ன கண்டக்டரே, இங்கதான் நிக்கியளா? எப்பம் இருந்து நிக்கிய? கோழி வெவகாரம் முடிஞ்சுதா? எனக்கு நேரமே சரியில்ல அண்ணாச்சி, எல்லாரும் முதுகுக்குப் பின்னாலயே வந்து நிக்காவ.

என்ன சொல்லுதிய? இம்புட்டு நாளா எல்லாத்தையும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கியளா? ம்... ஒம்ம சொந்தக் கொரல்ல ஒரு வார்த்தை கேட்டா நிப்பாட்ட மாட்டேனாய்யான்னா கேக்கிய? கேட்டுருக்கலாம். தோணல கண்டக்டரே.

இருங்க. கேக்கேன்.

டிரைவர் சார்... அந்த... ஸ்கூலுகிட்ட... கொஞ்சம் நிப்பாட்டுங்க.

இம்புட்டுத்தான் அண்ணாச்சி, எங்கொரலு. வாரேன்.